கம்ப்ரஸருக்கு முன்பும் பின்பும்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஊரடங்கினால் எல்லோரும் வீட்டோடு இருந்த நாட்களில், என் அக்கா பாடிய ஒரு விருத்தத்தையும் அதைத் தொடர்ந்து வரும் பாடலையும் மதுரையில் எங்கள் வீட்டு மாடியறையில் பதிவு செய்தேன். ஒரு கண்டென்சர் மைக், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய மடிக்கணினி, ஒரு ஹெட்ஃபோன் ஆகியவையே கையில் இருந்தன. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக் குறைக்க இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தோம். தம்பூராவுக்குக் கைப்பேசிச் செயலி இருந்தது. அது ஹெட்ஃபோனில் மட்டும் ஒலித்ததால் மைக்கில் குரல் தனியாகவே விழுந்தது. மதுரையின் ஜூன் வெயிலில் மின்விசிறியை முழுதாக நிறுத்திவிட்டுப் பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதால், அது மிகக் குறைந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மிருதங்கத்தைச் சில மாதங்கள் கழித்து நண்பர் ஒருவர் வந்து, பதிவான குரலைக் கேட்டபடியே வாசித்துத் தந்தார்.

பதிவு மோசமில்லை. அதைக் கெடுத்தவை பதிவுக்குப் பிறகு நான் செய்த வேலைகள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வேலைகளை நான் செய்த வரிசை. குரல் ஓரிடத்தில் உரத்தும் ஓரிடத்தில் தணிந்தும் இருந்ததால் உரத்த இடங்களை அமுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரஸரை முதலில் போட்டேன். மங்கலாகத் தோன்றியதால், அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் உச்ச அதிர்வெண்களை உயர்த்தினேன். கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் இருக்கட்டும் என்று, எதிரொலி தரும் ரிவர்பைச் சேர்த்தேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மின்விசிறியின் இரைச்சல் காதில் உறுத்தியது. உடனே இரைச்சல் நீக்கும் கருவியை ஓட்டினேன். அப்போது நான் பயன்படுத்திய முறையில் ஒவ்வொரு படியும் கோப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும். முடிவில், ஒவ்வொரு அடியின் இறுதியிலும் இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல மேலெழுந்து அடங்கியது; ரிவர்பின் வால் பாதியில் அறுந்து நின்றது; குரலின் ஓரங்களில் தண்ணீர் சலசலப்பது போன்ற ஓர் ஒலி ஒட்டிக்கொண்டது. கேட்டுவிட்டு அக்கா, “என்னடா, கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கு” என்றார்.

பதிவின் மூலக்கோப்பை ஒரு பென் டிரைவில் தனியே எடுத்து வைத்திருந்தது மட்டுமே நான் செய்திருந்த புத்திசாலித்தனமான காரியம். அதிலிருந்து மறுபடி தொடங்குவதற்கு முன்னால், எதை முதலில் போடுவது என்று இணையத்தில் தேடினேன். பட்டியல்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஒன்றுக்கொன்று முரணாகவும் இருந்தன. ஈக்யூவுக்குப் பின் கம்ப்ரஸர் என்றார் ஒருவர். கம்ப்ரஸருக்குப் பின்தான் ஈக்யூ என்றார் இன்னொருவர். இருவருமே நன்றாகத்தான் மிக்ஸ் செய்திருந்தார்கள். இருவரும் சரியாக இருக்க முடியுமென்றால் வரிசைக்கு உண்மையில் பொருள் உண்டா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

சோதனை எளிமையானது. ஒரே பதிவின் இரண்டு நகல்களை இரண்டு ட்ராக்குகளில் வைத்து, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கி (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்), இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனமே மிஞ்சும். மிஞ்சுவது எதுவோ அதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. முதலில் இரண்டு ஈக்யூக்களை எடுத்துக்கொண்டேன். ஒரு நகலில் அ, ஆ என்ற வரிசையிலும் மற்றதில் ஆ, அ என்ற வரிசையிலும் வைத்தேன். மௌனம். பிறகு ஈக்யூவையும், உண்மையான ஓர் அரங்கின் ஒலியைப் பதிந்து உருவாக்கப்பட்ட கன்வல்யூஷன் ரிவர்பையும் முன்பின்னாக மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் மௌனம். மூன்றாவதாக ஈக்யூவையும் கம்ப்ரஸரையும் இடம் மாற்றினேன். இப்போது அக்காவின் குரல், தேய்ந்த ஓர் உருவத்தில், தெளிவாகக் கேட்டது.

எல்லாப் பட்டியல்களும் சொல்லாமல் விட்ட செய்தி இதுதான். ஒலியைக் கையாளும் கருவிகள் இரண்டு சாதி. ஈக்யூ, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பச் சொல்லும் டிலே, அசைவில்லாத (தன் இயல்பு நேரத்தோடு மாறாத) ரிவர்ப் போன்றவை வரும் ஒலி உரத்ததா தணிந்ததா என்று பார்ப்பதில்லை. எந்த அளவில் வந்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றை ஒன்றுக்கொன்று எப்படி மாற்றி அடுக்கினாலும் கணக்குப்படி விடை ஒன்றே. கம்ப்ரஸர், தணிந்த ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட், ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர், ஸகரச் சீறலைக் குறைக்கும் டி-எஸ்ஸர், ஒலியை லேசாகச் சிதைத்துச் செறிவூட்டும் சாச்சுரேஷன் ஆகியவை அப்படியல்ல. அவை வரும் ஒலியின் அளவைப் பார்த்து முடிவெடுக்கின்றன. எனவே அவற்றுக்கு முன்னால் எது இருக்கிறதோ, அது அந்த முடிவையே மாற்றிவிடுகிறது. வரிசையைப் பற்றிய கேள்வி என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் சாதிக் கருவி ஒவ்வொன்றும் எதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்ற கேள்வியே.

கம்ப்ரஸரின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். டிஜிட்டல் ஒலியில் உச்ச எல்லை 0 டெசிபல்; மற்றவை அதற்குக் கீழே எதிர்மறை எண்களில் வரும். அமுக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்ட் -20 டெசிபல் என்றும், தாண்டியதைச் சுருக்கும் விகிதமான ரேஷியோ 4:1 என்றும் வைத்துக்கொள்வோம். குரலின் உச்சம் -12 டெசிபலில் வந்தால், அது த்ரெஷோல்டை 8 டெசிபல் தாண்டியிருக்கிறது. அந்த 8 நான்கில் ஒன்றாகி 2 ஆகும். வெளியே வருவது -18 டெசிபல். அதாவது 6 டெசிபல் குறைந்திருக்கிறது. இழந்ததை ஈடுகட்ட நாம் மேக்கப் கெயினில் 6 டெசிபலைச் சேர்க்கிறோம். குரலின் உச்சம் பழையபடி -12க்கு வந்துவிடுகிறது. ஆனால் பாடாத இடத்தில் -55 டெசிபலில் கிடந்த மின்விசிறி இரைச்சல் த்ரெஷோல்டைத் தொடவே இல்லை. அதை யாரும் குறைக்கவில்லை. மேக்கப் கெயின் மட்டும் அதற்கும் 6 டெசிபலைப் பரிசாகக் கொடுத்துவிட்டது. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் 43 டெசிபலாக இருந்த தூரம் 37 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்குமேல் உச்ச அதிர்வெண்களையும் உயர்த்தி, ரிவர்பிலும் அந்த இரைச்சலை நனைத்துவிட்டு, கடைசியில் இரைச்சலை நீக்க நினைத்தது, அழுக்கு வேட்டிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் செய்துவிட்டுத் துவைக்க உட்காருவது போன்றது. கஞ்சி அழுக்கையும் சேர்த்தே இறுக்கிவிடும்.

ஆகவே இரைச்சல் நீக்கம் எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரைச்சல் நீக்கும் கருவிகளில் பெரும்பாலானவை, பாட்டில்லாத ஓரிடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, அந்த இரைச்சல் பதிவு முழுவதும் ஒரே சீராக இருக்கிறது என்று நம்பியே வேலை செய்கின்றன. கம்ப்ரஸர் அந்தச் சீரைக் குலைத்துவிடுகிறது. பாடும்போது இரைச்சல் தாழ்கிறது, நிறுத்தும்போது உயர்கிறது. அதன்பின் எடுத்த மாதிரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. நான் கேட்ட தண்ணீர்ச் சலசலப்பு அங்கிருந்துதான் வந்தது. முதலிலேயே செய்தாலும் நீக்கத்தை 6 முதல் 10 டெசிபலோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சலைத் தம்பூரா மறைத்துவிடும்.

அடுத்தது தாழ் அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். இதை எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டால் 80 ஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். பாடுபவரின் சுருதியைக் கேட்டுவிட்டுச் சொல்வதே முறை. அக்கா பாடிய சுருதி 5 கட்டை. அவருடைய ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ்; மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’, அதில் முக்கால் பங்கு, அதாவது 147 ஹெர்ட்ஸ். அந்த விருத்தத்தில் அவர் அதற்குக் கீழே இறங்கவே இல்லை. எனவே 100 ஹெர்ட்ஸில் வெட்டினாலும் பாட்டில் ஒன்றும் குறையாது. பேருந்தின் உறுமலும், மைக் ஸ்டாண்டு வழியாக ஏறிவரும் தரையின் அதிர்வும், மைக்கை மிக நெருங்கிப் பாடியதால் கூடிய கனமும் மட்டும் விலகும். 1 கட்டையில் பாடும் ஆணுக்கு இதே 100 ஹெர்ட்ஸ் பொருந்தாது. அவருடைய மந்தர பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸில் இருக்கிறது.

இந்த ஃபில்டர் ஏன் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதை எனக்கு விளங்க வைத்தது ‘ப’ என்ற எழுத்து. சொல்லின் முதலில் பகரம் வரும்போது உதட்டிலிருந்து வெடிக்கும் காற்று மைக்கில் மோதி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பெரிய மேட்டை உண்டாக்குகிறது. சிறிய ஹெட்ஃபோனில் அது கேட்பதே இல்லை. ஆனால் கம்ப்ரஸர் அதைக் கேட்கிறது. பெரிய ஒலி வந்துவிட்டதென்று எண்ணி முழு ஒலியையும் அமுக்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் உயிரோசை, எந்தக் குற்றமும் செய்யாமலே, குறைந்து ஒலிக்கிறது. என் முதல் மிக்ஸில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் பள்ளத்தில் விழுந்து எழுந்தன. ஃபில்டரைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் வைத்தால் வெடிப்பு மறையும். அது உண்டாக்கிய பள்ளம் மறையாது.

இங்கே ஒரு சிறு விலகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தரைத் தொடர்பில் கோளாறு இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் ஓர் உறுமல் பதிவில் ஏறும். 50ஐ ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். 150இல் இருப்பதை எந்தக் கருவியாலும் அழகாக எடுக்க முடியாது. அக்காவின் மந்தர பஞ்சமத்துக்கும் அதற்கும் இடையில் இருப்பது 3 ஹெர்ட்ஸ் மட்டுமே. பாடுவதற்கு முன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டியதும் உறுமல் நின்றது. வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மின்செருகிதான் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஃபில்டருக்கும் கம்ப்ரஸருக்கும் இடையில் நான் வைத்தது நாய்ஸ் கேட். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் ஒலியை அடைத்துவிடும் இந்தக் கருவி, பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் தன் கோட்டைப் போட முடியும். மேலே பார்த்த கணக்குப்படி கம்ப்ரஸர் அந்த இடைவெளியைச் சுருக்குகிறது. அகலமாக இருக்கும்போதே கோட்டைப் போடுவது எளிது. ஆகவே கேட் முன்னால் வர வேண்டும். கோட்பாடு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை, நானும் ஐயப்படவில்லை. இதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

சுருதியைத் திருத்தும் கருவியைப் பயன்படுத்துவதானால் அதுவும் இந்தத் தலைப்பகுதியிலேயே வர வேண்டும். ஒலியில் எந்தச் சுரம் இருக்கிறது என்று அது கண்டுபிடிக்க, ஒலி தனித்ததாகவும் எதிரொலி கலக்காததாகவும் இருக்க வேண்டும். 1997இல் வெளிவந்த இத்தகைய கருவியான ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் பூமிக்குள் ஒலியலைகளை அனுப்பி எண்ணெய் வளம் தேடும் துறையில் வேலை செய்தவர். திரும்பி வரும் அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் கணிதமே இங்கும் பயன்பட்டது. நான் அதைப் பயன்படுத்தவில்லை. நம் இசையில் கமகம் என்பது சுரத்தின் மேல் பூசப்படும் அலங்காரமல்ல, பல இடங்களில் அதுவே சுரம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதேயில்லை. அந்த அசைவைப் பிழையென்று எண்ணி நேர்செய்யும் கருவியை எந்த இடத்தில் வைத்தாலும் ஒன்றுதான்.

கம்ப்ரஸருக்கு முன்னால் செய்யவேண்டிய இன்னொரு வேலைக்குக் கருவியே தேவையில்லை. பொறுமை மட்டும் போதும். விருத்தம் தாளத்துக்குக் கட்டுப்படாதது. பாடுபவர் ஒரு சொல்லைக் காதோடு சொல்வதுபோல் தொடங்கி, அடுத்த சொல்லில் தார ஸ்தாயிக்கு ஏறி முழுக்குரலில் நிற்பார். அக்காவின் பதிவில் மிகத் தணிந்த அடிக்கும் மிக உரத்த அடிக்கும் 20 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கை முழுவதும் கம்ப்ரஸரிடம் விட்டால், அது தணிந்த இடத்தைத் தொடாது, உரத்த இடத்தை நசுக்கிவிடும். அதனால் பதிவை அடியடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் அளவையும் கையால் ஏற்றி இறக்கினேன். இதைக் கிளிப் கெயின் என்கிறார்கள். முழுதாகச் சமப்படுத்தவில்லை, பாதி தூரம் மட்டுமே. தணிந்தது தணிந்ததாகத் தெரிய வேண்டும். இதன் பிறகு கம்ப்ரஸர் செய்யவேண்டியிருந்த வேலை 3, 4 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிட்டது.

மென்பொருளில் இரண்டு இடங்களில் அளவை மாற்றலாம் என்பதையும், இரண்டும் ஒன்றல்ல என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. கிளிப் கெயின் எல்லாப் பிளக்இன்களுக்கும் (மென்பொருளில் செருகும் இந்தக் கருவிகளுக்கும்) முன்னால் இருக்கிறது. அதைக் கூட்டினால் கம்ப்ரஸர் கூடுதலாக அமுக்கும். ட்ராக்கின் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் வழக்கமாக எல்லாப் பிளக்இன்களுக்கும் பின்னால் இருக்கிறது; அதை எவ்வளவு இறக்கினாலும் கம்ப்ரஸருக்கு அது தெரியவே தெரியாது. கம்ப்ரஸர் மிகையாக அமுக்குகிறதே என்று நான் பல இரவுகள் ஃபேடரை இறக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஈக்யூ விவாதத்துக்கு வரலாம். கம்ப்ரஸருக்கு முன்னால், பின்னால் என்று சண்டையிட்ட இருவரும் சரியாகச் சொன்னார்கள் என்றேன். அவர்கள் பேசியது இரண்டு வெவ்வேறு ஈக்யூக்களைப் பற்றி. மாடியறையின் சுவர்களுக்கு நடுவே 250 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தேங்கிக் குரலுக்கு ஒரு பானைத்தன்மையைக் கொடுத்திருந்தது. அந்தச் சுரங்களைத் தொட்டபோதெல்லாம் கம்ப்ரஸர் காரணமின்றி விழித்துக்கொண்டது. இதுபோன்ற குறைகளை வெட்டும் ஈக்யூ கம்ப்ரஸருக்கு முன்னால் வருவதே நல்லது. அழகுக்காக உயர்த்தும் ஈக்யூவின் கதை வேறு. சொற்கள் தெளிவாகக் கேட்கட்டும் என்று 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றி 4 டெசிபல் உயர்த்திவிட்டு, அதைக் கம்ப்ரஸருக்குள் அனுப்பினால், உயர்த்திய அந்த ஆற்றலே த்ரெஷோல்டைத் தாண்டி அதிக அமுக்கத்தை வரவழைக்கிறது. நாம் ஒரு பக்கம் தூக்க, கம்ப்ரஸர் மறுபக்கம் இறக்குகிறது. பின்னால் வைத்தால் தூக்கியது தூக்கியபடி நிற்கும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன: முன்னால் வெட்டுவதற்கு ஒன்று, பின்னால் ஏற்றுவதற்கு ஒன்று.

கம்ப்ரஸரையே இரண்டாகப் பிரித்து அடுக்குவதும் பழைய வழக்கம். அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1967இல் வெளியிட்ட 1176 என்ற கம்ப்ரஸர் 0.02 மில்லி விநாடியில் பாயக்கூடியது. 1960களில் வந்த டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ, ஒரு விளக்கின் ஒளியை உணரும் பொருளைக் கொண்டு இயங்குவதால், மெல்லப் பிடித்து மெல்ல விடுவது. குரலை முதலில் 1176இல் விட்டுத் துருத்தும் முனைகளை மட்டும் தட்டிவிட்டு, பிறகு எல்ஏ-2ஏவில் நிதானமாகச் சமப்படுத்துவது ஒலிப்பதிவாளர்களிடையே பரவலாக வழங்கும் முறை. முனைகள் போய்விட்டதால் இரண்டாவது கருவி பதற்றமின்றி வேலை செய்கிறது. வரிசையை மாற்றுபவர்களும் உண்டு. நான் இவற்றின் மென்பொருள் நகல்களை அந்த வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் 2, 3 டெசிபலுக்கு மேல் அமுங்காமல் பார்த்துக்கொண்டேன். இத்தகைய நகல்கள் பல, -18 டெசிபலைச் சுற்றி ஒலி வரும் என்று எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை. 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சத்தை -10 டெசிபலுக்குக் கீழேயே வைத்திருந்ததால் தனியே சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

டி-எஸ்ஸர் எங்கே வர வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் உறுதியான கருத்து இல்லை. ஸகரமும் ஷகரமும், சொல்லின் முதலில் வரும் சகரமும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை சீறுகின்றன. இந்தச் சீறல் பெரும்பாலும் உயிரோசைகளைவிடத் தணிந்தது. கம்ப்ரஸர் உயிரோசையை அமுக்கிவிட்டு மேக்கப் கெயினில் எல்லாவற்றையும் உயர்த்தும்போது, முன்பு அடங்கிக் கிடந்த சீறல் முன்னுக்கு வருகிறது. ஆகவே அதற்குப் பின்னால் வைப்பதே பொருத்தம். ஆனால் உயர்த்தும் ஈக்யூவுக்கும் அது பின்னால் வர வேண்டும், ரிவர்புக்கோ முன்னால் வர வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஸகரமும் ரிவர்பில் தெறித்து மண்டபம் முழுவதும் சிதறும். கம்ப்ரஸருக்கு முன்னால் சிறிதளவும் பின்னால் சிறிதளவும் என இரண்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ரிவர்பைக் குரலின் ட்ராக்கிலேயே செருகாமல், தனியாக ஒரு ட்ராக்கில் வைத்து, குரலிலிருந்து ஒரு பங்கை அங்கே அனுப்புவது நல்லது. முதல் மிக்ஸில் ரிவர்பை வைத்துவிட்டுப் பிறகு இரைச்சல் நீக்கத்தை ஓட்டியதால் அதன் வால் அறுந்தது போலவே, ரிவர்புக்குப் பின்னால் கம்ப்ரஸர் இருந்தால் வால் வீங்கும். பாடும்போது மண்டபம் சுருங்கி, நிறுத்தும்போது விரியும். தனி ட்ராக்கில் இருந்தால் குரலின் கம்ப்ரஸர் அதைத் தொடாது. பிளக்இன்கள் வருவதற்கு முந்தைய நாட்களில், லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில், ரிவர்புக்கு அனுப்பும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதையும் முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். அக்காலத்து ரிவர்ப் என்பது பிளக்இன் அல்ல; 1957இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140, தொங்கவிடப்பட்ட ஓர் எஃகுத் தகட்டை அதிரவைத்து எதிரொலியை உண்டாக்குவது; எடை ஏறக்குறைய 270 கிலோ. அந்த வெட்டை ரிவர்புக்கு முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் விடை ஒன்றே என்பதை என் மௌனச் சோதனை காட்டிவிட்டது. டிலேவை ரிவர்புக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று நடக்கும் நீண்ட விவாதங்களுக்கும், இரண்டும் அசைவில்லாதவையாக, ஒற்றைத் தடத்தில் இருக்கும்வரை, இதே விடைதான்.

மிருதங்கத்துக்கு வலந்தலை எனும் வலத் தோலின் பக்கம் ஒரு மைக், கனத்த ஒலி தரும் தொப்பி எனும் இடத் தோலின் பக்கம் ஒரு மைக். இதில் வரிசை பிளக்இன்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தொப்பியில் அடி விழும்போது அந்தத் தோல் உள்நோக்கிப் போகிறது. உள்ளே அமுங்கிய காற்று எதிர்ப்பக்கத்துத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரு மைக்குகளும் ஒரே அடியை எதிரெதிர்த் துருவங்களில் பதிகின்றன. சேர்த்தால் தொப்பியின் கனம் கரைந்துவிடுகிறது. கரைந்ததை ஈக்யூவில் தேடி நான் 6 டெசிபல் உயர்த்தியும் அது வரவில்லை. ஒரு மைக்கின் துருவத்தை மாற்றும் பொத்தானை அழுத்தியதும் வந்துவிட்டது. கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் தொப்பி கேட்கவில்லை; அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் திறன் அதற்கு இல்லை. தொப்பியின் ட்ராக்கில் சிறிது சாச்சுரேஷன் சேர்த்தபோது அதன் மேல்சுரங்கள் பிறந்து, அடிச்சுரம் கேட்காத இடத்திலும் அது இருப்பதாகக் காது எண்ணிக்கொண்டது. இங்கும் வெட்டும் ஈக்யூ முன்னால்தான். மைக்கில் விழுந்த அறையின் மந்தத்தைச் சாச்சுரேஷனுக்குள் அனுப்பினால் அந்த மந்தத்துக்கும் மேல்சுரங்கள் பிறக்கும்.

இரண்டு வரிசைகளை ஒப்பிடும்போது ஏமாற்றும் ஒரு பொறி இருக்கிறது. எது சற்று உரத்து ஒலிக்கிறதோ அதுவே சிறந்ததாகத் தோன்றும். ஒலி உரக்க உரக்க நம் காது தாழ் அதிர்வெண்களையும் உச்ச அதிர்வெண்களையும் நிறைவாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். கம்ப்ரஸருக்குப் பின் ஈக்யூ என்பதுதான் சிறந்தது என்று நான் ஒருமுறை உறுதியாக நம்பினேன். அளந்து பார்த்தால் அந்த வரிசை 1.5 டெசிபல் உரத்திருந்தது. சமப்படுத்தியதும் என் உறுதி பாதியாகக் குறைந்தது.

இறுதிப் பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். விநாடிக்கு 48,000 மாதிரிகளில் பதிந்ததை 44,100க்கு மாற்றுவதானால் லிமிட்டருக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது உச்சங்கள் இடம்பெயர்ந்து புதிதாக முளைக்கும். லிமிட்டரின் மேல்வரம்பை -1 டெசிபல் உண்மை உச்சத்தில் (மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சத்தையும் சேர்த்து அளப்பது) வைத்தேன். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் -14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) அளவை ஒட்டி எல்லாப் பாடல்களையும் சமப்படுத்துவதால், அதற்கு மேல் நெரித்து உரக்கச் செய்வதில் பயனில்லை. விருத்தத்தில் அது பாவமும்கூட. 16 பிட்டுக்கு இறக்கும்போது சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சலான டிதர் எல்லாவற்றுக்கும் கடைசி, ஒரே ஒரு முறை.

இப்படி முடித்த மிக்ஸை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். “கிணறு போயிருச்சு, நல்லா இருக்குடா. ஆனா விருத்தத்துல நான் மூச்சே விடாமப் பாடின மாதிரி இருக்கே” என்றார். நாய்ஸ் கேட்தான். கோட்பாட்டின்படி சரியான இடத்தில் நின்று, அடிகளுக்கு நடுவே அவர் இழுத்த மூச்சுகளையெல்லாம் இரைச்சலோடு சேர்த்து அடைத்துவிட்டிருந்தது. அதை நீக்கினேன். நீக்கியதும் கம்ப்ரஸர்கள் கேட்பது மாறியது. மேக்கப் கெயினில் ஏறி ஒவ்வொரு மூச்சும் பெருமூச்சாக ஒலித்தது. மறுபடி தலைப்பகுதிக்குப் போய், ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியே வெட்டி, கிளிப் கெயினில் 5 அல்லது 6 டெசிபல் இறக்கினேன். விருத்தம் முழுவதிலும் 23 மூச்சுகள் இருந்தன.